செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணி

மச்சாள்,

இன்று மத்தியானம் கிர்ஸ்டன் உங்கள் மஞ்சள் பையைக் கொண்டுவந்து தந்தாள். படகுக் கழகத்துக் கொட்டிலில், உங்கள் பெயர் ஒட்டிய கொளுக்கியில், ஐப்பசியில் நீங்கள் எங்களை விட்டுப் போன நாளிலிருந்து அது தொங்கிக்கொண்டே இருந்ததாம். வாயை மூன்று தரம் சுருட்டிப் பூட்டினால் தண்ணீர் போகாத அந்தப் பைதான். மேசையில் வைத்துச் சுருளைப் பிரித்தேன். முதலில் ரப்பர் மணந்தது, பிறகு ஆற்றுச் சேறு, அதற்கும் அடியில் என்னுடைய கறித்தூள். மூன்று வருடமாகியும் அது போகவில்லை.

"உன் குசினி மணக்குது" என்றாள் கிர்ஸ்டன்.

மூன்று வருடத்துக்கு முந்திய அந்த மாரிக் குளிரில் இதே மேசையில்தான் நீங்கள் வரைபடத்தை விரித்தீர்கள். நமீபியாவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் நடுவில், பாலைவனப் பாறைகளைப் பிளந்துகொண்டு ஓடும் ஒரு ஆறு. ஆறு நாள், நாலு பேர், நாலு கயாக். முதியோர் இல்லத்தில் உங்களோடு வேலை செய்த கிர்ஸ்டன்தான் தலைவி. வழியில் வீடில்லை, கடையில்லை, தெரு இல்லை. இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"அக்காவுக்கு விசர். அம்பத்தாறு வயசில ஆரும் உப்பிடிப் போவினமோ?"

"தம்பி, நீ பஸ்ஸுக்கு ஓடேக்கையே மூச்சு வாங்குற. நான் பியோர்ட் கடலைக் குறுக்கால கடக்கிறன். போய் இருந்து ரீவி பார்."

அவர் போய்விட்டார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "சாப்பாடு உன்ர பொறுப்பு பிள்ளை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு கிராம். அதுக்கு மேல ஒரு கடுகும் ஏத்த ஏலாது" என்றீர்கள்.

எனக்கு நீந்தத் தெரியாது. கயாக் என்றால் ஒரு ஆள் மட்டும் இருந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய வள்ளம் என்று நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு பாறைகளுக்குள் விழுந்து நுரைக்கும் இடங்களுக்கு நீங்கள் எனக்காக 'பாய்ச்சல்' என்று பெயர் வைத்தீர்கள். பதினொரு பாய்ச்சல், அதில் கடைசி நாளில் வருவதுதான் பெரியது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கமாகக் கொப்பியில் எழுதினேன்: எங்கே இறங்குவது, எங்கே படுப்பது, என்ன சாப்பிடுவது. பருத்தித்துறை வடை, பொரிவிளாங்காய், காயவைத்த இடிச்ச சம்பல், வறுத்த மா. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் மச்சம் மாமிசம் இல்லை என்று எழுதியதைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். "பாவம் மூண்டு டெனிஷ்காரர், பிள்ளையாருக்கு விரதம் பிடிக்கப்போகினம்."

ஆற்று நீர் சேறு, வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்றபோது நான் படிகாரத்தை எடுத்து நீட்டினேன். இரவு வாளியில் கலக்கிவிட்டால் விடியத் தெளிந்திருக்கும் என்று நீங்கள் கிர்ஸ்டனுக்கு விளங்கப்படுத்தினீர்கள். மலசலத்தையும் பெட்டியில் அடைத்துத் திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்று சொன்னபோதுதான் எனக்குத் தலை சுற்றியது.

"ஐயோ மச்சாள், சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலையோ?"

"இல்லையடி. அது கிர்ஸ்டன்ர வள்ளத்தில. அவள்தானே தலைவி."

எல்லாம் எழுதி முடிந்த பிறகுதான் அந்தக் கடைசித் தாளை எடுத்தீர்கள். ஆற்றில் போகிறவர்கள் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகும் தாள். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஆற்றை விட்டு ஏறி, மணல் தெருவால் ஒரு பண்ணைக்குப் போய், ஐந்தரைக்குள் போன் எடுப்பீர்கள். ஐந்தரைக்கு எடுக்காவிட்டால், கரையில் இருப்பவள் அந்த நாட்டு மீட்புக்காரருக்கு அழைக்கவேண்டும். அங்கேயும் இங்கேயும் அப்போது மணி ஒன்றுதான். பெயர் எழுதும் இடத்தில் என் பெயர் இருந்தது.

"நானோ? கிர்ஸ்டன்ர மனிசன் இருக்கிறார்தானே?"

"அவன் மறந்துபோவான். இல்லாட்டி, இன்னும் கொஞ்சம் பாப்பம் எண்டு இருப்பான். நீ உப்பு எத்தினை கிராம் எண்டும் எழுதுறவள்."

"பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார் மச்சாள்."

"பிள்ளையார் பாக்கட்டும். நீ மணியைப் பார்."

நீங்கள் வீட்டை விட்டு இறங்குவதற்கு நான்தான் நல்ல நேரம் பார்த்துத் தந்தேன். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் காரில் ஏறாமல் வாசலில் பத்து நிமிடம் குளிரில் நின்றீர்கள், எனக்காக.

திரும்பும் நாளுக்கு நான் பார்க்கவில்லை. அன்று காலை பூ வைத்து விளக்கேற்றிய பிறகுதான் கணக்குப் போட்டேன். ஊரில் ராகுகாலம் ஒன்றரை மணி நேரம். இங்கே சித்திரை கடைசியில் சூரியன் போகவே ஒன்பது மணியாகிறது. உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். செவ்வாய்க்கு ஏழாவது பங்கு. ஐந்து மணி ஏழு நிமிடத்திலிருந்து ஏழு மணி வரை. நீங்கள் தந்த ஐந்தரை அதற்கு உள்ளே கிடந்தது.

இவர் வேலையில். நான் போனை மேசையில் வைத்துவிட்டு முன்னால் இருந்தேன். ஐந்தரை ஆனது. போன் அடிக்கவில்லை. இலக்கம் தாளில் பெரிதாக எழுதியிருந்தது. கையை நீட்டினேன், மச்சாள். சத்தியமாக நீட்டினேன். ஆனால் ராகுவில் தொடங்கிய தேடல் எப்படி முடியும் என்று மனம் கேட்டது. நான் இலக்கத்தை அழுத்துவதாலேயே உங்களுக்கு ஏதும் வந்துவிடும் என்று பயந்தேன். ஏழு மணிக்கு எடுப்போம், ஏழு அடித்த உடனே எடுப்போம் என்று சொல்லிக்கொண்டு கந்தசஷ்டியைச் சொல்லத் தொடங்கினேன். ஒரு வரியும் ஒழுங்காக வரவில்லை.

ஆறு இருபதுக்கு நீங்கள் எடுத்தீர்கள்.

கடைசிப் பாய்ச்சலில் கிர்ஸ்டனின் கயாக் கவிழ்ந்து, அவளுடைய தோள் மூட்டு கழன்றுபோனது. ஆபத்துக்கென்று கொண்டுபோன செய்மதிப் போன் அவள் வள்ளத்தோடே போய்விட்டது. நீங்களும் மற்ற இருவரும் அவளைத் தாங்கிக்கொண்டு பண்ணைவரை நடந்திருக்கிறீர்கள். மீட்பு வாகனம் இனித்தான் புறப்படவேண்டும் என்று சொன்ன நீங்கள், அடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"ஐஞ்சரைக்கு எடுத்தனியோ பிள்ளை?"

"எடுக்கப் போனன் மச்சாள். லைன் கிடைக்கேல்லை."

"சரி. அழாத. எல்லாரும் இருக்கிறம்."

நான் பொய் சொல்கிறவள் இல்லை. உங்களுக்குத் தெரியும். அன்றைக்குச் சொன்னேன். ஐம்பது நிமிடம் முன்னால் நான் அழைத்திருந்தால், நீங்கள் பண்ணைக்கு வரும்போது வாகனம் பாதி வழியில் வந்திருக்கும். ஐம்பது நிமிடம் கழன்ற தோளோடு ஒரு மனுஷி பாலைவனத்தில் இருந்திருக்கத் தேவையில்லை. கொப்பியில் மட்டும் உள்ளதை எழுதினேன், பொய்யாக ஒன்றை எழுதிப் பழக்கமில்லாததால்: "5.30. அழைக்கவில்லை. ராகு. 6.20. மச்சாள் எடுத்தா."

போன வருடம் இரண்டாவது பயணத்துக்கு யோசித்தபோது, சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்தெழுத அந்தக் கொப்பியை நீங்கள் வாங்கிக்கொண்டு போனீர்கள். நான் கடைசிப் பக்கத்தை மறந்தே போனேன். ஒரு கிழமையில் திருப்பித் தந்து, "பொரிவிளாங்காயைக் கூட்டு, வடையைக் குறை" என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு வருத்தம் வந்து படுத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டும் "நான் இல்லாட்டியும் அவையள் போகவேணும்" என்றீர்கள்.

இன்று பையின் உள்ளே, பிளாஸ்டிக் உறையில், அந்த இரண்டாவது பயணத்துத் தாள் இருந்தது. உங்கள் கையெழுத்து. கரையில் இருப்பவள் என்ற இடத்தில் மறுபடியும் என் பெயர். இந்தச் சித்திரையிலும் அவர்கள் ஏறுவது செவ்வாய்க்கிழமைதான். அழைக்கவேண்டிய நேரம் நாலே முக்கால். பக்கத்தில் தமிழில், சின்னதாக: "ராகுவுக்கு முன்."

அப்படியென்றால் கொப்பியின் கடைசிப் பக்கத்தை நீங்கள் வாசித்திருக்கிறீர்கள். கதிரையில் இருந்துவிட்டேன்.

கிர்ஸ்டன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாங்கள் ஐந்தரை என்றுதான் கேட்டோம். அவள் விடவில்லை. அவளுக்கு அந்த நேரம் சரிவராது, முக்கால் மணி முந்தி ஏறுவோம் என்றாள். அதற்காக முதல் நாளே ஒன்பது மணி நேரம் துடுப்புப் போடவேண்டும். என் தோளுக்குப் பாரம் வேண்டாம், என் சாமானையும் தானே ஏற்றுவதாகச் சொன்னாள்." கொஞ்சம் நிறுத்தி, "இப்போது அவள் இல்லை. நாங்கள் எப்படியாவது சமாளிப்போம்" என்றாள். நேரத்தை மாற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறாள். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். என் டெனிஷில் ராகுவை எப்படிச் சொல்வது? வானத்தில் ஒரு பாம்பு இருக்கிறது, அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரத்துக்குப் பயந்து உன்னை ஐம்பது நிமிடம் காக்கவைத்தேன் என்றேன். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"அந்த ஐம்பது நிமிடமும் உன் மச்சாள் எனக்குப் பாட்டுப் பாடினாள். என்னை நித்திரைகொள்ள விடக்கூடாதாம்" என்றாள். "தோளைவிட அதுதான் நொந்தது."

நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான். உங்கள் குரல் எனக்குத் தெரியாதா மச்சாள்.

பிறகு அவள் பேனாவை எடுத்து, "எத்தனை மணி என்று எழுத?" என்று கேட்டாள்.

"ஐந்தரை."

"உன் பாம்பு?"

"அது இருக்கட்டும். நான் எடுப்பேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அவள் போன பிறகு எனக்கே நம்பிக்கை வரவில்லை. அன்றைக்கும் அப்படித்தானே இருந்தேன். உங்களிடம் நம்பிக்கை இல்லாமல் இல்லை, சாமியிடமும் இல்லாமல் இல்லை. என் கையில்தான் நம்பிக்கை இல்லை. இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை. மாசியில் பகல் குறுகியது. நேரம் மூன்றே முக்கால், ராகு நடுவில் நின்றது. மீட்புக்காரரின் இலக்கம் இன்னும் வேலை செய்கிறதா என்று பயணத்துக்கு முன் ஒருதரம் பார்ப்பது வழக்கம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

சாமியறைக் கதவைத் திறந்தே விட்டேன். ஒளித்துச் செய்ய விரும்பவில்லை.

இலக்கத்தை அழுத்தினேன். ஒருதரம் பிழைத்தது, திரும்ப அழுத்தினேன். ஒரு ஆண்குரல் எடுத்தது. நானாகப் படித்த ஆங்கிலத்தில் என் பெயரைச் சொன்னேன். சித்திரையில் மூன்று பேர் உங்கள் ஆற்றில் வருவார்கள், கரையில் இருப்பவள் நான் என்றேன்.

"இப்போது ஏதும் பிரச்சினையா அம்மா?" என்று அவர் கேட்டார்.

"இல்லை" என்றேன். "நான் எடுக்கிறேனா என்று பார்த்தேன்."