முதுகுக்கு வசனம் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் எபிசோடுக்கு இன்று உட்கார்ந்தேன். அயல்மொழித் துப்பறியும் தொடர். அவர்கள் பேசுவதைத் தமிழில் எழுதி, உதட்டசைவோடு ஒட்டவைத்து, குரல் கொடுப்பவர்களிடம் ஒப்படைப்பது என் வேலை. இந்தத் தொடரில் எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் நாயகன் பேசமாட்டான்.

இன்ஸ்பெக்டர். நீளக் கோட்டு, சரியாக மழிக்காத முகம். எந்த அறைக்குள் போனாலும் சுவரோரமாக ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்வான். பிணத்தைப் பார்த்தாலும் பேச்சில்லை. மேலதிகாரி தொண்டை கிழியக் கத்தினாலும் பேச்சில்லை. அவனுக்கு வீடு வாசல் உண்டா, பெண்டாட்டி உண்டா, யாருக்கும் தெரியாது.

எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. எழுதியே வைக்கிறேன். வயது நாற்பத்தேழு, தலையில் பாதி நரை, வேளைக்கு ஒரு ரத்த அழுத்த மாத்திரை. அதனால் என்ன?

மார்ச் 6, வியாழன்

ஒரு காட்சி முழுக்க அவன் ஒரு கோப்பையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தான், அவ்வளவுதான். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். வேலைக்காகப் பார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவுக்கு இன்று மருந்துக்கடை விடுமுறை. கடையில் பில் போட்டுக்கொண்டு பேச முடியாமல் கிடந்த வாய், வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டது. துணி மடித்துக்கொண்டே என் கணினியை எட்டிப் பார்த்தாள்.

"அந்த உம்மணாமூஞ்சிகிட்ட அப்படி என்னடி கண்ட? வாயைத் திறக்க மாட்டேங்குறான். இந்த மாதிரி ஆளோட எவ குடும்பம் நடத்துவா?"

"பேசுற ஆளோட நடத்தினதைத்தான் பார்த்தோமேக்கா."

அக்காவின் கை அப்படியே நின்றது. பிறகு தலையணை உறையை மடிக்கத் தொடங்கினாள், ஏற்கெனவே மடித்திருந்ததையே.

அவர் — என் முன்னாள் கணவர் — பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்களின் தலை தானாக ஆடும். எங்கள் சொந்தத்தில் எந்தப் பஞ்சாயத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஏன் அழுகிறேன் என்பதைக்கூட அவர்தான் எனக்கு விளக்குவார். நான் தப்பாக அழுகிறேன் என்று கடைசியில் நானே ஒத்துக்கொள்ளும்வரை விளக்குவார். ஒருநாள் ஒரு பையோடு இங்கே வந்து கதவைத் தட்டினேன். அக்கா சோறு போட்டாள், கட்டிலைக் கொடுத்தாள், ஒரு வாரம் "திரும்பிப் போயிடுடி, எவ்வளவு நல்லாப் பேசுற மனுஷன்" என்றாள். நான் போகவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே இருவரும் எடுத்ததில்லை. இன்று நான்தான் எடுத்தேன். எடுத்ததற்கு வருத்தமும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

விசாரணைக் காட்சி. மேசைக்கு அந்தப் பக்கம் இறந்தவனின் அண்ணி. இந்தப் பக்கம் அவன், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவன் ஒன்றும் கேட்கவில்லை. மழைச் சத்தம் மட்டும். அவள் கைக்குட்டையை மடிக்கிறாள், பிரிக்கிறாள். தண்ணீர் குடிக்கிறாள். அவன் அசையவே இல்லை. அந்த முதுகில் கோபம் இல்லை, அவசரம் இல்லை. திடீரென்று அவள், "கதவை வெளியில தாழ் போட்டது நான்தான்" என்கிறாள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது.

எதனால் பிடிக்கிறது என்று யோசித்தேன். அழகன் என்பதாலா? அதுவும்தான், மறைப்பானேன். ஆனால் கொலைக் கதையில் வாய் திறக்கிற எல்லோரும் பொய் சொல்கிறார்கள். வாய் திறக்காதவன் ஒருவன்தான் இன்னும் பொய் சொல்லவில்லை. அதனால் அவனிடம் மனசு போய் ஒட்டிக்கொள்கிறது. இன்னொன்றும் உண்டு: அவன் காத்திருக்கிறான். எதிரில் இருப்பவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கும் ஆண்பிள்ளையை நான் திரையில்தான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

வசனம் அனுப்பிய மறுநாளே டப்பிங் நிறுவனத்து மேலாளரிடமிருந்து போன்.

"என்ன மேடம், பக்கம் பக்கமா வெறுமையா இருக்கு? ஹீரோ ஊமையா?"

"மூலத்துலயே அப்படித்தான் சார்."

"மூலம் கிடக்கட்டும். நம்ம ஜனங்க சமையல் பண்ணிக்கிட்டே பார்க்குறவங்க. சத்தம் இல்லன்னா சேனலை மாத்திடுவாங்க. முதுகு தெரியுற இடமெல்லாம் வசனம் போடுங்க. விசாரணையில முழுக்க முதுகுதானே? மிரட்டுற மாதிரி நல்லா நாலு வரி."

முகம் தெரியாத இடத்தில் வசனம் திணிப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். வாய் அசைவது தெரியாதே, என்ன வேண்டுமானாலும் பேசவைக்கலாம். நானே எத்தனையோ முதுகுகளைப் பேசவைத்திருக்கிறேன், நகைச்சுவைத் தொடர்களில். ஆனால் இந்த முதுகா? இவன் மிரட்டினால் அவள் பயந்து உளறுகிறாள் என்று ஆகிவிடும். அவன் கேட்காததால்தானே அவள் சொல்கிறாள். இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. நாளை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

கேவலம். சிரிப்பும் வருகிறது.

போகும்போதே தீர்மானம் செய்துகொண்டு போனேன் — அவனைப் போலவே உட்காருவது என்று. சுவரோர நாற்காலி, மடியில் கை, வாய் திறப்பதில்லை. மேலாளர் தானே பேசிப் பேசி, தானே தடுமாறி, தானே இறங்கி வரட்டும்.

பேசினார். ஜனங்களின் ரசனை, விளம்பரம், பக்கத்துச் சேனல், எல்லாம் பேசினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் பேச்சை நிறுத்தினார். ஆகா, விழுந்தார் என்று நினைத்தேன்.

"நல்லது மேடம். நீங்க ஒத்துக்கிட்டதுல ரொம்பச் சந்தோஷம். திங்கக்கிழமை வசனம் வந்துடணும்."

கை குலுக்கி அனுப்பிவிட்டார். படியிறங்கும்போதுதான் என்ன நடந்தது என்றே உறைத்தது.

மார்ச் 15, சனி

அவன் சும்மா இருந்தால் ஆழம். நான் சும்மா இருந்தால் சம்மதம்.

காலையிலிருந்து இதே நினைப்பு. இடுப்பில் துப்பாக்கியும் ஆறடி உயரமும் இருந்தால் மௌனம்கூட அதிகாரமாக உட்காருகிறது. கூடத்து ஓரத்தில் ஒரு பொம்பளை மௌனமாக இருந்தால் அவள் தலையில் ஆளுக்கொரு மூட்டையை வைத்துவிட்டுப் போகிறார்கள். கல்யாணத்தின்போது என்னையும் கேட்டார்கள், நான் தலை குனிந்திருந்தேன், "பொண்ணுக்குச் சரியாம்" என்றார்கள். அவ்வளவுதான் என் சம்மதம்.

அப்படியென்றால் நான் ரசிப்பது எதை? ஆண்பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும் ஒரு சொகுசையா? இருக்கலாம். நன்றாகத் தெரிந்தும் பிடிக்கத்தான் செய்கிறது. அந்தச் சொகுசு எனக்கும் வேண்டும், அதனால்தான் பிடிக்கிறதோ என்னவோ. அதை விட்டுத்தர மாட்டேன். அவன் பேசாமல் இருப்பதற்காக நான் கத்த வேண்டுமென்றால் கத்துகிறேன்.

மார்ச் 17, திங்கள்

கத்தினேன்.

முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். "வெள்ளிக்கிழமை நான் ஒத்துக்கல சார். பேசாம இருந்தேன். ரெண்டும் வேற வேற."

"இப்ப என்ன, எழுத மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப அடுத்த தொடரும் உங்களுக்கு இல்லன்னு வெச்சுக்கலாமா?"

இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை, அக்காவின் கையை எதிர்பார்த்துத்தான் உட்கார வேண்டும். அது தெரிந்தும் வாய் நிற்கவில்லை. "வெச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்தக் காட்சியை நீங்க பார்த்தீங்களா? படத்தைப் பார்த்தீங்களா, இல்ல பேப்பரைப் பார்த்தீங்களா?" குரல் எங்கேயோ உச்சத்துக்குப் போய்விட்டது. வெளியே வரவேற்பில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

அவர் மேசையில் இருந்த பேப்பரை நகர்த்தி வைத்தார். படத்தைப் பார்க்கவில்லை, அதுதான் விஷயம். "புதன்கிழமை ரெக்கார்டிங். குரல் கொடுக்குறவரையே நாலு வரி போட்டுக்கச் சொல்றேன். நீங்க வரணும்னு அவசியம் இல்ல" என்றார்.

அவசியம் இல்லையாம். போகாமல் விடுவேனா?

மார்ச் 19, புதன்

நாயகனுக்குக் குரல் கொடுப்பவரை நான் வெண்கலம் என்றுதான் மனசுக்குள் கூப்பிடுவது. அப்படி ஒரு கணீர்க் குரல், அதன் மேல் அவருக்கே தீராத காதல். இந்தத் தொடரில் வேலையே இல்லை என்று முதல் நாளிலிருந்து புலம்பல். இன்று நாலு வரி கிடைத்ததும் முகம் மலர்ந்திருந்தது. மேலாளரும் மேற்பார்வைக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார், கையில் போனோடு.

வெண்கலம் முழங்கினார். "உண்மையைச் சொல்லு. சட்டத்தோட கண்ணுல மண்ணைத் தூவ முடியாது." அறையே அதிர்ந்தது. மேலாளர் தலை நிமிராமல் "சூப்பர்" என்றார், கட்டைவிரல் போனில் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப ஒரு தடவை வசனம் இல்லாம ஓட்டுங்க" என்றேன். ஒலிப்பதிவாளர் மேலாளரைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். "ஒரே தடவை. அப்புறம் போயிடுறேன்."

ஓட்டினார். மழைச் சத்தம். அந்த முதுகு. கைக்குட்டை. நான் திரையைப் பார்க்கவில்லை, மேலாளரைத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் நின்றது. பிறகு தலை நிமிர்ந்தது. அவள் தண்ணீர் குடித்தபோது இவர் எச்சில் விழுங்கினார். கதவைத் தாழ் போட்டதை அவள் சொன்னபோது போன் அணைந்து மடியில் கிடந்தது.

"இது முன்ன ஓட்டினதைவிடச் சின்னதா இருக்கே. வெட்டிட்டீங்களா?" என்றார்.

"அதே நீளம்தான் சார்" என்றார் ஒலிப்பதிவாளர்.

நான் எதிர்பாராத இடத்திலிருந்து பேச்சு வந்தது. வெண்கலம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "நான் பேசினா அந்தம்மா பேசுறது கேக்கல சார். எனக்கே சங்கடமா இருக்கு. எடுத்துடுங்க" என்றார். சொந்தக் குரலை எடுக்கச் சொல்வதற்கு அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்.

மேலாளர் பெருமூச்சு விட்டார். "சரி. இந்த ஒரு காட்சி மட்டும்."

"எல்லா எபிசோடும்."

"பேசாத ஒருத்தனுக்காக இவ்வளவு பேசுறீங்களே மேடம்." சிரித்தாரா, அலுத்துக்கொண்டாரா, தெரியவில்லை. சரி என்றார். அடுத்த தொடரைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மூன்றாம் எபிசோட் இன்று மாலை ஒளிபரப்பானது. அடுத்த தொடருக்கு என்னைக் கூப்பிடவில்லை, வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்களாம். கொடுக்கட்டும். இன்னும் இரண்டு நிறுவனங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் வாயில் ஒரு சொல்லைக்கூட யாராலும் திணிக்க முடியவில்லை, அது போதும்.

அக்காவும் பார்க்க உட்கார்ந்தாள், கையில் பீன்ஸும் கத்தியுமாக. ஆரம்பத்திலிருந்து விமர்சனம். "கோட்டைத் துவைக்கவே மாட்டானா உன் ஆளு?" விசாரணைக் காட்சி வந்தது. மழை. முதுகு. டிவியில் ஏதோ கோளாறு என்று நினைத்து ரிமோட்டைத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டாள். கத்தி தட்டிலேயே கிடந்தது.

திரையில் அந்த அண்ணி வாய் திறப்பதற்கு முன்பே அக்கா திறந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டேதான்.

"நீ அன்னைக்கு வந்து கதவைத் தட்டினப்போ, நான் முதல்ல அவருக்குத்தான் போன் பண்ணேன். உன்னைக் குளிக்க அனுப்பிட்டு. அவர் சொன்னது எல்லாத்தையும் கேட்டேன். அவ்வளவு நேரம் கேட்டேன். என்ன நடந்துச்சுன்னு உன்னை ஒரு வார்த்தை கேக்கல."

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் தெரியாது.

"பரவால்லக்கா, விடு" என்று சொல்ல வேண்டிய இடம். எழுத்துக்காரிக்குத் தெரியாதா, அந்த இடத்தில் அந்த வரிதான் பொருந்தும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. பரவாயில்லை என்று இல்லையே.

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவளும் என் பக்கம் திரும்பினாள். டிவி தன்பாட்டுக்கு ஓடியது. பிறகு அக்கா கேட்டாள், "என்னடி பண்ணார் உன்னை?"

கேட்டுவிட்டு, காத்திருந்தாள்.