றேடியோ சொன்ன பெயர்

786

கல்முனைக்குடி
12.11.1982

அன்பு மகன் பளீலுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த வெயில் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். சுகம் விசாரித்தது இவ்வளவும்தான் மகன். வழக்கம்போல வேளாண்மையையும் மழையையும் பற்றி எழுத இன்றைக்கு எனக்கு மனமில்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் தங்கச்சி நதீராவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல் நானே வாசித்தது நல்லதாய்ப் போயிற்று. ஒரு பந்துக்காகக் குடும்பத்தை உடைக்க வேண்டாம் உம்மா, சரீப் மாமாவோடு சமாதானமாகித் தங்கச்சியின் கலியாணத்தை முடித்து வையுங்கள் என்று எழுதியிருக்கிறாய். என் கூடப்பிறந்த காக்கா எனக்கு முந்திக்கொண்டு உனக்கு எழுதிவிட்டார் என்று விளங்குகிறது. அவர் எழுதியது பாதிக் கதை. மற்றப் பாதியை நான் சொல்கிறேன், அவசரப்படாமல் இருந்து வாசி.

நம் ஊர்ப் பிறைச்சுடர் கழகம் உதைபந்துக் கிண்ணத்துக்காகக் கொழும்பில் கடைசி ஆட்டம் ஆடியது உனக்குத் தெரியும். உன் தம்பி றவூப் கோல் காத்தான். கழகத் தலைவரான உன் மாமாவின் மகன் ஸலாஹுதீனும் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புப் பாக்கியராசாவும் முன்னால் ஆடினார்கள். றேடியோவில் நேர்முக வர்ணனை என்றதும் கடைத்தெருவில் பாதிக் கடைகளைச் சாத்திவிட்டார்கள். நீ அனுப்பிய றேடியோவை ஜன்னலில் வைத்தோம். முற்றம் நிறைய ஆம்பிளைகள், உள்ளே நானும் நதீராவும் பக்கத்து வீட்டு மைமூனாவும். கொழும்பில் ஊற்றுகிற மழை, பந்து உருளாமல் தண்ணீரில் நிற்கிறது, பிள்ளைகளின் முதுகில் இலக்கம் தெரியாமல் சேறு அப்பியிருக்கிறது என்று வர்ணனை செய்தவரே சொன்னார். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவருடைய சத்தம் உயர்ந்தது. பிறைச்சுடருக்கு ஒரு கோல், போட்டவர் ஸலாஹுதீன் என்றார். முற்றத்தில் எழும்பிய சத்தத்தில் மற்றது ஒன்றும் கேட்கவில்லை. கலியாணம் பேசி வைத்த மாப்பிள்ளையின் பெயர் நாடெல்லாம் கேட்கிறது என்று நதீரா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள், உள்ளே சிரித்தது எனக்குத் தெரியும். அன்று பின்னேரமே இனிப்புக்குத் தொதல் கிண்டி வீடு வீடாகக் கொடுத்தாள்.

விடிந்ததும் வழக்கம்போல சுந்தரம்மா மீன் கடகத்தோடு வந்தாள். பாக்கியராசாவின் தாயான அவள் நம் தெருவுக்கு எத்தனை வருசமாக வருகிறாள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, உங்கட மருமகன்தானாம் கோல் போட்ட, நாங்களும் றேடியோவில கேட்ட, எனக்கு என்ட புள்ள போட்ட மாதிரி சந்தோசம் என்று சொல்லி என் கையைப் பிடித்தாள். நான் அவள் கையில் தொதல் வைத்தேன். அவளும் சாப்பிட்டாள். அது அவள் பிள்ளை போட்ட கோல்.

பஸ் வந்த அன்று சந்தியில் பந்தல் கட்டி வெடி கொளுத்தினார்கள். ஸலாஹுதீனைத் தோளில் தூக்கினார்கள், உன் மாமா மாலை போட்டார். பாக்கியராசா வழியிலேயே பாண்டிருப்பில் இறங்கிப் போய்விட்டானாம். றவூப் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், ஒரு வாய் இறங்கவில்லை. என்ன மகன் என்று கேட்டேன். களைப்பு என்றான். நான் விடவில்லை. கடைசியில், அது பாக்கியராசா போட்ட கோல் உம்மா, எல்லாருக்கும் தெரியும், ஸலாஹுதீன் மச்சான் அந்த நேரம் பந்துக்குக் கிட்டயும் இல்ல, றேடியோக்காரர் மழைக்குள்ள மாறிச் சொல்லிட்டாரு என்றான். அப்படியானால் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். பஸ்ஸுக்குள்ள மாமா சொன்னாரு, ஊர் முழுக்கக் கேட்டு முடிஞ்சிது, இனி மாத்திக் கதைச்சா நம்மட கழகத்துக்குத்தான் வெட்கம் எண்டு, பாக்கியராசாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான் என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சோற்றுக் கோப்பையை எடுத்துக் கொல்லையில் கொட்டினேன். மற்றவன் அடிக்கிற பந்தை மறிக்கத் தெரிந்தவனுக்கு, கூட விளையாடினவன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லையா என்று கேட்டேன். அவன் அழுதான். அழட்டும் என்று விட்டேன்.

றேடியோக்காரர் மீது எனக்குக் கோபமில்லை. மழைக்குள் தூரத்தில் இருந்து பார்த்த மனிதர், பிழையாகச் சொல்லிவிட்டார். கண்ணால் கண்டவர்கள் மூடி மறைத்ததற்கு என்ன பெயர் சொல்வது. மறுநாளே றவூபைக் கூட்டிக்கொண்டு உன் மாமா வீட்டுக்குப் போனேன். காக்கா, அந்தப் புள்ளைக்குரியதக் குடுங்க, பள்ளிவாசல் மைக்கில ஒரு வார்த்தை சொன்னாக் காணும் என்றேன். றேடியோவில சொன்னத நான் போய் அழிக்கிறதா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, கொழும்பில் ஒரு பெரிய கம்பனியார் றேடியோவைக் கேட்டுவிட்டு, கோல் போட்ட பொடியனைத் தங்கள் அணிக்கு எடுத்து உத்தியோகமும் கொடுப்பதாக ஆள் அனுப்பியிருக்கிறார்கள், இதால ஆருக்கு லாபம் சபியா, உன்ட மகள்தானே கொழும்பில ராசாத்தி மாதிரி இருக்கப்போறா என்றார். என் மகளுக்காகத்தான் திருடுகிறாராம். ஸலாஹுதீன் கதவுநிலையில் நின்றான். நீ சொல்லு மகன், போட்டது நீயா என்று கேட்டேன். தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொய்யாவது சொல்லியிருந்தால் அவனை ஒரு ஆளாக மதித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து நதீராவிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மச்சான் என்ன சொன்னாரு என்று மட்டும் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். எனக்கும் நாளைக்கு ஒரு அநியாயம் நடந்தா அவர் இப்படித்தானே நிப்பாரு, எனக்கு வேணாம் உம்மா என்றாள். இதைத்தான் நீ ஒரு பந்துக்காக என்று எழுதுகிறாய். உன் தங்கச்சி பந்துக்காக வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மைதானத்தில் கழகக் கூட்டம் நடந்தது. நான் சொல்லி அனுப்பவில்லை, றவூப் தானாகவே எழும்பி அத்தனை பேருக்கு முன்னாலும் கோல் போட்டது பாக்கியராசா என்று சொன்னானாம். நீ எந்த ஊரான், நம்மட பேரக் கெடுக்கவா நிக்காய் என்று சிலர் கத்தினார்களாம். உன் மாமா அன்றைக்கே அவனை அணியில் இருந்து நீக்கினார். ஸலாஹுதீன் அடுத்த கிழமை பெட்டியோடு கொழும்புக்குப் போய் உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டான். இப்போது சொல், சமாதானம் யாரோடு யார் செய்வது.

கூட்டம் நடந்த அன்று பின்னேரமே நானும் றவூபும் பாண்டிருப்புக்குப் போனோம். பாக்கியராசா எங்களைக் கண்டதும் முகம் கறுத்துப் போனான். ஏன் தாயிடம்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா அம்மா சும்மா இருக்கமாட்டா, உங்கட தெருவுக்குள்ள வந்து சண்டை புடிப்பா, அதுக்குப் பிறகு ஆரு அவட்ட மீன் வாங்குவாங்க என்றான். அடுப்படியில் நின்ற சுந்தரம்மாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. வெளியே வந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருக்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கடகத்தோடு நம் வாசலைத் தாண்டித் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவே இல்லை. அவளில் பிழை இல்லை. தன் பிள்ளையின் கோலுக்கு என் கையால் இனிப்பு வாங்கித் தின்றவள் வேறு என்ன செய்வாள். பாக்கியராசா யார் என்று நீயே யோசித்துப்பார். நீ குவைத்துக்குப் புறப்பட்ட அன்று உன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்வரைக்கும் வந்தவன் ஸலாஹுதீன் இல்லை. சமாதானம் என்று எழுதின கடிதத்தில் அவன் பெயரை ஒரு இடத்திலாவது எழுத உனக்கு மனம் வரவில்லையே, அதுதான் எனக்கு உன் மாமா செய்ததைவிடப் பெரிய கோபம்.

உன் வாப்பா கண்ணை மூடி மௌத்தான பிறகு நதீராவின் நிக்காஹ்வுக்குப் பொறுப்பாக நிற்க வேண்டியவன் நீ. ஆகையால் இதைத் தெளிவாக எழுதுகிறேன். அவள் சம்மதம் இல்லாமல் நீ மாமாவுக்கு எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்திருந்தால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே திருப்பி வாங்கு. பாக்கியராசாவுக்கு உன் கைப்பட எழுது, சும்மா சுகம் விசாரிக்காமல் நடந்ததைச் சொல்லி எழுது.

இன்னும் ஒன்று. நேற்றுக் காலையில் சுந்தரம்மா நம் வாசலில் நின்றாள். கடகத்தை இறக்கவில்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை. பாண்டிருப்பு அணியில கோல் காக்க ஆள் இல்லையாம், உங்கட றவூப் வருவானா எண்டு மகன் கேட்டு வரச் சொன்னான் என்றாள். றவூப் உள்ளே இருந்து என் முகத்தைப் பார்த்தான். பின்னேரம் சப்பாத்தோடு வருவான் என்று சொல்லு என்றேன். போய் விளையாடிவிட்டு பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம்தான் வந்தான், கோப்பை நிறையச் சோறு தின்றான். உன் மாமா ஆள் அனுப்பி ஊர் என்ன கதைக்கும் என்று கேட்டார். நானே அனுப்பினேன் என்று சொல்லிவிடு என்றேன்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய். தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுகிற நாக்கையும் தரட்டும். பதில் எழுதும்போது முதலில் தங்கச்சிக்கு எழுது, பிறகு எனக்கு எழுது.

கோபத்தோடும் துஆவோடும்,
உன் உம்மா
சபியா உம்மா