உன் பேரைச் சொல்லி ஒரு புட்டி

எனக்குச் சோறு பிசைந்து ஊட்டி வளர்த்த மாரியம்மா அக்காவுக்கு,

நீ குணமாகிவிட்டாயாம். சிகாமட் ரயிலடியில் நேற்று ஒருவன் கூட்டம் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். உன்னைப் புதைத்து ஒரு வருஷமாகிறது. நீயோ நாள் தவறாமல் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போய்க்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாயாம்.

அவன்தான், அக்கா. உன் மார்பில் கட்டி கண்டபோது நம் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தானே, அதே வைத்தியன். ஜிப்பா மட்டும் புதிது, கொஞ்சம் தொப்பையும் போட்டிருக்கிறான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. இத்தனை வீட்டில் இழவு விழவைத்தவனுக்கு எந்த முகம்தான் நினைவிருக்கும்?

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் அன்றைக்கே சொன்னார். "இது புத்து மாதிரி இருக்கும்மா. ஜொகூர் பாரு பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, அறுத்து எடுப்பாங்க. பொழைச்சிடுவீங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா விட்டா பரவிடும்." இவன் என்ன சொன்னான்? "கத்தி வெச்சா புத்து உடம்பெல்லாம் ஓடிடும். என் களிம்பு வேரோட இழுத்துடும், நாப்பதே நாள்." சத்தியம் செய்யாத மனுஷரை விட்டுவிட்டு, சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவனை நம்பினோம். நாம் என்ன நாம், நான்தான் நம்பினேன். நீ ரயிலுக்குப் புடவைகூட மடித்து வைத்திருந்தாய்.

அந்தக் கறுப்புக் களிம்பு உன் தோலைப் பொசுக்கியது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். நாற்பதாம் நாள் கட்டைப் பிரித்து, பழுப்பாக ஒரு பிசிறை எடுத்து, "இதான் வேரு" என்றான். லயமே கையெடுத்துக் கும்பிட்டது. அதைப் புட்டியில் போட்டு எடுத்துப் போனான். நேற்று அவன் தூக்கிக் காட்டியது அந்தப் புட்டியைத்தான்.

"குடுங்க, பார்க்கிறேன்" என்றேன். நோயாளி வீட்டுக்காரன் என்று நினைத்துப் பவ்யமாக நீட்டினான். மூடியைத் திறந்து அதை வெளியே எடுத்து இரண்டு கையாலும் இழுத்தேன். ஒரு சாண் நீண்டது, விட்டதும் சுருண்டுகொண்டது. பக்கத்தில் நின்ற ஒரு பால்வெட்டுக்காரர், "அலமாக், நம்ம ஒட்டுப்பால்யா இது" என்று வாயைப் பிளந்தார்.

ஒட்டுப்பால்தான், அக்கா. மரத்தில் வெட்டின கோட்டிலே காய்ந்து கிடப்பதைத் தினமும் காலையில் உரித்துக் கூடையில் போடுவாயே, அது. அதை மூட்டை மூட்டையாக ஸ்டோரில் நிறுப்பவன் நான். கொஞ்சம் சாயம் ஏற்றிக் காட்டியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்.

அவன் அசரவில்லை. "நம்பிக்கை இல்லாதவன் கை பட்டா வேரு இப்படித்தான் மாறிடும்" என்றான். என்ன நெஞ்சழுத்தம் பார். அதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். "நீ சொல்ற மாரியம்மா என் அக்கா. செத்துப் போய்ட்டாங்க" என்றேன். அப்புறம்தான் தலையாட்டல் நின்றது. அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்த ரயிலில் ஏறிவிட்டான். இன்றைக்கு வேறு ஊரில் கடை விரித்திருப்பான்.

இதைச் சொல்ல மட்டும் நான் எழுதவில்லை. உனக்கு நோவு முற்றியபோது, "பத்தியம் முறிச்சிருப்பாங்க, கருவாடு தின்னிருப்பாங்க" என்று பழியை உன் மேலே போட்டுவிட்டு நழுவினானே. நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்து, "தின்னியா அக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றாய். விடாமல் கேட்டேன். கடைசியில், "தின்னிருப்பேன்டா, ஞாபகமில்ல" என்றாய். என் வாயை அடைக்கத்தானே அப்படிச் சொன்னாய்?

நீ தின்னவில்லை. எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவுக்கும் இப்போது மார்பில் கட்டி. கத்தி என்றாலே நடுங்குகிறார். நாளைக் காலை ரயிலில் ஜொகூர் பாரு பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன். பிழைப்பாரா, தெரியாது. ஆனால் என்ன நடந்தாலும், என்ன தின்றாய் என்று மட்டும் அவரிடம் ஒருநாளும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் அதைக் கேட்ட தம்பி,
முனுசாமி