கடைசி உதைக்கு முன்னால் அறுத்த கம்பி

ஓடைக்காடு காலனி,
அரியலூர் வழி,
23.1.2000

அன்பு மகன் அழகேசனுக்கு அம்மா சிந்தாமணி எழுதுவது. சிங்கப்பூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் தங்கச்சி சத்யாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. கோபமாக இருக்கிறேன். பாதிக் கோபம் ஊர்மேல், மீதி உன்மேல்.

புதன்கிழமை நீ போனில் பேசினாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பூத் பெரிய தெருவில் இருக்கிறது என்பது உனக்கு மறந்துவிட்டதா? வெளியே நின்றபடி கையை நீட்டி ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தால், "யம்மா, அப்பாவப் போயி வுழுந்து எந்திரிக்கச் சொல்லும்மா, ரெண்டு நிமிச வேல, ஏஜெண்டு என்னயக் கூப்புட்டுக் கேக்குறாரு" என்கிறாய். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டு சிரித்தார்கள். உன்னை அங்கே அனுப்பிவைத்த ஏஜெண்டு நாட்டாண்மைக்காரரின் மூத்த மகன், அவன் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு நீ பேசினாய். நடந்தது என்ன என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? இப்போது நானே சொல்கிறேன், முழுசாகப் படி.

உலகத்துக் கால்பந்துக் கிளப்புகளுக்கு என்று முதல்தடவையாகப் பிரேசிலில் போட்டி நடக்கிறது, கடைசி ஆட்டம் நமக்குப் பொங்கலன்று விடிகாலை வரும், நான் அனுப்பிய டிவியில் பாருங்கள் என்று சொன்னது நீதான். ஒன்று கூலிக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கொரிந்தியன்ஸ், இன்னொன்று வாஸ்கோடகாமா என்றாய். அந்தப் பெயரைக் கேட்டதும் சத்யா, கப்பல்ல வந்த மனுசன் பந்து எப்ப கத்துக்கிட்டாரு என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஆலைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் தூக்கியெறிந்த பந்தைத் தைத்துத் தைத்து ஆடிப் பழகிய காலனி இது, விடுவோமா? டிவியை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தோம். பனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு தெருவே உட்கார்ந்திருந்தது. எல்லோரும் கொரிந்தியன்ஸ் பக்கம்தான்.

இந்த வருசம் பொங்கல் பறை அடிக்கும் முறை நம் வீட்டுக்கு. பிள்ளையார் கோயிலடியில் பறைச் சத்தம் கேட்ட பிறகுதான் பெரிய தெருவில் பானையை அடுப்பில் ஏற்றுவார்கள், உனக்குத் தெரியாததா? உன் அப்பா ஆலையில் சிமெண்டு மூட்டை தூக்கிப் பிழைக்கிறார், அவர்கள் வயலில் இறங்கி எவ்வளவோ வருசமாயிற்று, ஆனாலும் முறை வந்தால் போய் நின்றாக வேண்டும். ஆட்டம் விடியறதுக்குள்ள முடிஞ்சிரும், பாத்துட்டே போறேன் என்று பறையைத் தீயில் காய்ச்சி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நம் ஊரில் ஆட்டம் சமமாகிவிட்டால் காசு சுண்டிப்போட்டு ஜெயித்தவரைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அங்கே ஒரு கோலும் விழாமல் ஆட்டம் முடிந்தது, உன் அப்பாவும் எழுந்தார், காசு சுண்டுவதைப் பார்க்க ஒரு நிமிசம் நின்றார். காசும் சுண்டவில்லை ஒன்றும் இல்லை, மறுபடியும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அதிலும் கோல் இல்லை, பிறகு ஒவ்வொருத்தனாக வந்து உதைக்கிறான். இதையெல்லாம் நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா? கிழக்கு வெளுக்கிறது, பறை மடியில், யார் எழுந்து போவார்கள், நீயே சொல்.

கடைசி உதை. கொரிந்தியன்ஸ் ஒரு கோல் முன்னால் இருக்கிறது. வாஸ்கோ ஆள் பந்தை வைக்கிறான். போட்டால் சமம், விட்டால் முடிந்தது. அந்த நேரம் பார்த்து டிவி புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோயிற்று. கேபிள்காரன் வைரக்கண்ணு கரண்டு போஸ்ட்டுமேல், கையில் கட்டர், கீழே நாட்டாண்மை வீட்டு ஆட்கள். சத்யா ஓடிப்போய், அண்ணே ஒரே ஒரு ஒத பாக்கிண்ணே, அதப் பாத்துட்டு வெட்டுங்கண்ணே என்று கெஞ்சினாள். ஒத வேணும்னா எறங்கி வந்து நாங்களே தாரோம் என்று சிரித்தான் அந்த நாய். டேய் தங்கராசு, ஊருப் பானை காத்துக் கெடக்கு, ஒனக்குப் பந்து கேக்குதா என்று தெருவிலிருந்து உன் அப்பாவைப் பார்த்துக் கத்தினார்கள். உன் அப்பா அதுவரைக்கும் போகத்தான் இருந்தார். கம்பி அறுந்ததும் பறையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். அன்றைக்கும் அடிக்கவில்லை, மாட்டுப் பொங்கலுக்கும் அடிக்கவில்லை.

அதற்கு ஊர் கூடித் தீர்ப்பு. கோயிலடியில் எல்லோர் முன்னாலும் விழுந்து கும்பிட்டு, மறுபடி பறை அடிக்க வேண்டுமாம். அதுவரைக்கும் ஆலையில் மூட்டை வேலை கிடையாது, காண்டிராக்டரும் அந்தத் தெருதானே. ஏரிக்குள் நம் பிள்ளைகள் ஆடுகிற இடம் பூராவும் கருவேல முள்ளை வெட்டிப் பரப்பிவிட்டார்கள். இத்தனைக்கும் உன் அப்பா அசையவில்லையடா. நீ பேசினாய் பார், அன்றைக்குத்தான் அசைந்தார். மவனே சொல்லிட்டான் சிந்தாமணி, அவன் பொழப்புல மண்ணு வுழுந்துரக் கூடாது என்றார். வெள்ளிக்கிழமை காலையில் வேட்டியை மாற்றிக்கொண்டு பறையைத் தோளில் போட்டார். நான் வழியை மறித்துக் கத்தினேன், ஒதுங்கிப் போனார். விழுவதை என் கண்ணால் பார்த்து உனக்கு எழுத வேண்டும் என்றே நானும் பின்னால் போனேன்.

கோயிலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வுழுடா என்றார் நாட்டாண்மைக்காரர். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, வுழுவுறதுக்கு முன்னால ஒரு சந்தேகம் கேட்டுக்கிறேங்க, கம்பி அறுந்து போச்சுங்களா, அந்தக் கடைசி ஒத கோலா இல்லியான்னு தெரியல, ஒங்கள்ல யாருக்காச்சும் தெரியுமாங்க என்று கேட்டார். பள்ளிக்கூடம் திறந்த அன்றே சத்யா கேட்டுவந்து சொல்லிவிட்டாள், தெரிந்துகொண்டேதான் கேட்டார். நாட்டாண்மைக்காரரின் இளைய மகன், காலேஜில் படிக்கிறானே அவன், வெளியில அடிச்சிட்டான், நாங்க ரெண்டு தடவ பாத்தோம், திருப்பித் திருப்பிக் காட்டுனான் என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. உன் அப்பா சொன்னார், அப்ப ஒங்க வூட்டு டிவியும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துருக்கு, ஒங்க பானையும் காத்துக்கிட்டுத்தான் இருந்துருக்கு, நான் எதுக்குங்க வுழுவணும் என்று. சொல்லிவிட்டுத் தோளிலிருந்த பறையைக் கழற்றிக் கோயில் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

நீ சொன்ன ரெண்டு நிமிச வேலை இப்படித்தான் முடிந்தது. உன் வேலைக்கு அந்த ஏஜெண்டு குறுக்கே நிற்பான், எனக்குத் தெரியாமல் இல்லை. நின்றால் நில் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வா, கஞ்சியோ கூழோ இருக்கிறதைப் பங்கிட்டுக் குடிப்போம். அப்பாவை விழச் சொல்லிக் காப்பாற்றிக்கொள்கிற வேலை நமக்கு வேண்டாம். அப்பாவிடம் உன் கையால் ஒரு கடிதம் எழுதி மன்னிப்புக் கேள், விழுந்து எழ வேண்டியது யாராவது இருந்தால் அது நீதான். அந்த பூத்துக்கு இனிமேல் போன் செய்யாதே, எதுவானாலும் எழுது. வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே. கூட வேலை பார்க்கிற பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். உனக்கு ஒரு குறையும் வராது, தலை நிமிர்ந்து நன்றாக இரு என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

பறை இன்னும் அங்கேயே கிடக்கிறது. வாசலை அடைத்துக்கொண்டு பனியிலும் வெயிலிலும் கிடக்கிறது, அந்தத் தெருவில் ஒருத்தரும் கையால் தொடமாட்டார்கள், சுற்றிக்கொண்டு போய்ச் சாமி கும்பிடுகிறார்கள். எடுத்துட்டுப் போங்கடா என்று மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். காலனியிலிருந்து ஒருவரும் போகவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
த. சிந்தாமணி