உறுமாத ருஸ்கா

ஈசல்மி, பின்லாந்து,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் எஸ்கோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம்தான், இதை முதலில் படித்து மூச்சு விட்டுக்கொள், பெர்த்தில் நீயும் உன் புது நாய்க்குட்டியும் சுகமா? சனிக்கிழமை நம் நாய் ருஸ்கா உன் அப்பாவைக் கடித்துவிட்டது. ஆறு மாதக் குட்டி, என் மடியில் தூங்குகிற குட்டி! மேசைக்கடியில் எலும்பு கடித்துக்கொண்டிருந்தது, அப்பா எப்போதும்போல் பிடுங்கக் குனிந்தார், ஒரு சத்தம் இல்லை, உள்ளங்கையில் பல் இறங்கிவிட்டது. துண்டெல்லாம் ரத்தம், ஐந்து தையல். அப்பா முகம் சுண்ணாம்பாய் வெளுத்து, வலியைப் பற்றிப் பேசாமல், "ஒரு வார்த்தை சொல்லாம கடிச்சிடுச்சே ரைலி" என்றுதான் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்த நாயே வேண்டாம் என்றுதான் அன்று சாயங்காலமே கால்நடை மருத்துவர் கிர்ஸ்தியிடம் கொண்டுபோனோம். அவள் பரிசோதித்துவிட்டு, முன்னாடி உறுமுமா என்று கேட்டாள். அப்பா பெருமையாக, "தட்டுல கைவச்சா உறுமும், பேப்பரைச் சுருட்டி மூக்குல ரெண்டு போட்டேன், ஒரே மாசத்துல வாயை மூடிடுச்சு" என்றார். கிர்ஸ்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வெய்க்கோ, பக்கத்துல வராதேன்னு அது சொல்லிக்கிட்டுதான் இருந்திருக்கு, சொன்னா அடின்னு நீங்க கத்துக்கொடுத்துட்டீங்க. பயம் உள்ளேயேதானே இருக்கும்" என்றாள். எஸ்கோ, அடித்தபோது பக்கத்தில் நின்று சிரித்தவள் நான்தான். கிர்ஸ்தி சொன்னதுபோல நீயும் உன் குட்டியின் தட்டில் கைவைத்துப் பிடுங்காதே, போகிறபோக்கில் ஒரு துண்டு இறைச்சி போட்டுவிட்டு நகர்ந்துவிடு, எலும்பை வாங்க வேண்டுமென்றால் அதைவிட நல்லதாக ஒன்றைக் காட்டு.

அப்பா ஞாயிறு காலையிலிருந்தே கட்டுப்போட்ட கையோடு அதைத்தான் செய்கிறார். நேற்று அது தின்றுகொண்டிருக்கையில் அவர் பக்கத்தில் நாற்காலியை நகர்த்தியபோது ருஸ்கா மெதுவாக உறுமியது. அப்பா அப்படியே நின்றார், இரண்டடி பின்னால் போனார், அடுக்களைக்கு ஓடிவந்து, "உறுமிடுச்சு ரைலி, கேட்டியா!" என்றார், கண்ணெல்லாம் நீர். பிறகு காபியைக் கலக்கிக்கொண்டே இருந்துவிட்டு, "எஸ்கோ சின்ன வயசுல அழுதப்பவும் நான் வாயை மூடுன்னுதானே சொன்னேன்?" என்று கேட்டார்.

கடவுள் உன்னைக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அப்பாவிடம் கொடுப்பேன், வைத்துவிடாதே.

உன் அன்பு அம்மா,
ரைலி