சுவரோரம் உட்கார்ந்த குழந்தைகள்

பெரிய டீச்சர்,

இன்று ஆலைக் குழந்தைகளுக்கான நம் வகுப்புக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். குழந்தைகள் நாளெல்லாம் தலைசாய்த்து உட்கார்ந்ததால் சுவரில் வரிசையாகப் படிந்திருந்த எண்ணெய்க் கறை மறைந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாசனையில் உங்கள் ஞாபகம் வந்தது. உங்கள் இரங்கல் கூட்டத்தில் கூச்சத்தால் நான் வாய் திறக்கவில்லை. "அம்மா வகுப்புல மூச்சுச் சத்தங்கூடக் கேக்காதுங்க" என்று ஆலை மேஸ்திரி புகழ்ந்தார். அதைக் கேட்டதிலிருந்து மனம் பொறுக்கவில்லை.

ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். அம்மாக்கள் ஆலையில் நூல் நூற்கும் நேரமெல்லாம் கைகட்டி அசையாமல் இருக்க வேண்டும். "ஆட உட்டா அடங்காதுங்க அம்மணி" என்பீர்கள். மாராத்தாள் மட்டும் எழுந்து எழுந்து ஓடுவாள். அவளை நீக்கப்போவதாகச் சொன்னபோது அவள் அம்மா உங்களைக் கும்பிட்டாள்.

"எங்க சனமெல்லாம் பல்லடத்துல இருக்குதுங்க. இங்க பாக்க ஆளில்லீங்க. மிசினுப் பக்கத்துல உட்டுப்போட்டு எப்படீங்க வேல பாக்கறது?"

நான் மாராத்தாளை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய், மூச்சு வாங்கும்வரை ஓடவிட்டேன். பிறகு செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, சிந்தாமல் தொட்டிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். முதலில் பாவாடையெல்லாம் நனைந்தது. போகப்போக, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெல்ல அடியெடுத்து வைத்து, சொட்டுச் சிந்தாமல் நடந்தாள். அதட்ட ஆளில்லாமலே தன்னை அடக்கிக்கொள்ளக் கற்றிருந்தாள். பெருமையோடு உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தண்ணி சொமக்கப் பழக்கறதுக்குத்தானுங்களா மெட்ராசுக்குப் போயி பி.ஏ. படிச்சீங்க?"

அவள் எதிரிலேயே சிரித்தீர்கள். மறுநாள் அவளை உள்ளே விடவில்லை. வேறு வழியில்லாமல் அவள் அம்மா அவளை ஆலைத் தூணில் கட்டிப்போட்டு வேலை பார்த்தாள்.

நீங்கள் போனதும் முதல் வேலையாக மாராத்தாளைத் திரும்ப அழைத்தேன். "ஓடு கண்ணு" என்றேன். தலைகுனிந்தபடி கேட்டாள்:

"நா எங்கீங்க உக்காரோணும்?"

இறந்தவர்களை மன்னித்துவிட வேண்டுமாம். என்னால் முடியவில்லை. தினமும் அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடும் என்னைப் பார்த்து ஆலை வாசலில் சிரிக்கிறார்கள். கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்கள் மேலுள்ள கோபம்தான் ஓடவைக்கிறது. என் கையை உதறிவிட்டு அவள் முன்னால் ஓடும்வரை அந்தக் கோபத்தை விடமாட்டேன்.