தங்கைக்குச் சபை விலக்கம்

மார்ச் 4, ஞாயிறு
ஆராதனையில் பாடகர் குழுவில் என் பக்கத்தில், தங்கையின் இடத்தில் தையல்காரர் மனைவி உட்கார்ந்து பாடினார். பாவம், சுருதி கிட்டக்கூட வரவில்லை. தங்கை பக்கத்தில் இருந்திருந்தால் இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டிக்கொண்டிருப்போம். மணவிலக்கு ஆனவரைக் கட்டிக்கொண்டதற்காக அவளைச் சபையை விட்டு விலக்கிவிட்டார்கள். விலக்கப்பட்டவர்களோடு பேசக் கூடாது, சேர்ந்து சாப்பிடக் கூடாது. கூடப்பிறந்தவளுக்கும் அதே சட்டம்தான்.

மார்ச் 9
அவளைப் பார்க்கணும்போல இருக்கு. வேறொன்றுமில்லை.

மார்ச் 17
என் வீட்டுக்காரர் வேலையிடத்தில் பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். மேஸ்திரி ஃபோனையே எடுக்கவில்லை. உதவித்தொகை கேட்டுப் போனால் அரசாங்க ஆபீஸில் நாளைக்கு வா என்கிறார்கள். சபைச் சகோதரிகள்தான் மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். பாஸ்டரம்மா பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினார். எந்த முகத்தோடு இவர்களைத் திட்டுவேன்?

ஏப்ரல் 8
தேர்தல் வருகிறதல்லவா, வேட்பாளருக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. மணவிலக்குச் சட்டத்தை இறுக்குவாராம், எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க்குழாயும் போடுவாராம். அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்களைப் பாஸ்டர் கைதூக்கச் சொன்னார். மொத்தச் சபையும் தூக்கியது. நானும்தான். தங்கையின் கல்யாணத்துக்கு எதிராகத் தூக்குகிறோம் என்று தெரியாமலா தூக்கினேன்? குடம் சுமந்து தோள் விட்டுப்போச்சு, அதான்.

ஏப்ரல் 21
சபையை விட்டு நின்றுவிடலாம் என்று இவரிடம் சொன்னேன்.
"நின்னுட்டு? நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?"
தங்கை வாழவில்லையா? யாருக்கும் தலைகுனியாமல் ஒருத்தி வெளியே இருக்கிறாள் என்று நினைத்தாலே எனக்குத் தெம்பு வருகிறது. அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போகிறேன். யார் என்ன சொன்னாலும் சரி.

ஏப்ரல் 29, ஞாயிறு
போக வேண்டியிருக்கவில்லை. பிரசங்கம் முடிந்ததும் தங்கை உள்ளே வந்தாள். நிறைமாதம். சபைக்கு முன்னால் சிரமப்பட்டு முழங்காலிட்டு, செய்தது பாவம் என்று மன்னிப்புக் கேட்டாள். பாஸ்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லாரும் அழுதார்கள். அதில் ஒரு பொட்டு நடிப்பும் இல்லை.

வாசலில் அவள் கையைப் பிடித்துக் கேட்டேன். "ஏன்டி?"
"பிரசவத்துக்குக் கூட நிக்க அங்க யாரு இருக்கா, அக்கா?"
"அவரு?"
"அவர விட்டாத்தான் சேத்துக்குவோம்னாங்க. விட்டுட்டேன்."

எத்தனை நாள் ஏங்கினேன் இவளுக்காக. வந்துவிட்டாள். பக்கத்து அறையில்தான் தூங்குகிறாள். இனி இந்தச் சபையை விட்டு நான் எங்கே போவது?